சி. பி. இராமசுவாமி ஐயர்

சர் சேத்துப்பட்டு பட்டாபிராம இராமசுவாமி ஐயர் (நவம்பர் 12, 1879 - செப்டம்பர் 26, 1966) இந்திய வழக்கறிஞரும் நிருவாகியும் அரசியலாளரும் ஆவார். சி. பி. என்ற இரண்டு எழுத்துகளாலேயே பரவலாக அறியப்பட்டவர். சென்னை மாகாணத்தின் தலைமை வழக்குரைஞராகவும் (1920-1923), ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் (1923-1928), திருவிதாங்கூர் சமத்தானத்தின் திவானாகவும் (1936-1947) பணியாற்றினார். பைக்காரா நீர்மின் திட்டம், மேட்டூர் அணை, பள்ளிவாசல் நீர்மின் திட்டம் ஆகியவற்றுக்கு நிருவாக நிலையில் வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர். தென்னிந்தியாவில் மின்னாற்றலை எந்த மூலத்திலிருந்து, என்ன செலவில், எவ்வளவு பெறுவது என்ற கேள்விக்கு அரசு நிலையில் விடை தேடியவர்களுள் இவர் முன்னோடி. திருவிதாங்கூரில் இவர் மேற்கொண்ட அடக்குமுறையும், அதனைத் தனிநாடாக அறிவிக்கச் செய்த முயற்சியும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின.

பிறப்பும் கல்வியும்

இராமசுவாமி ஐயர் வட ஆர்க்காடு பகுதியிலுள்ள வந்தவாசியில் பிறந்தார். தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பணியாற்றியவர். குடும்பம் சேத்துப்பட்டு என்னும் ஊரைச் சேர்ந்தது. பெயரின் முதலெழுத்து அவ்வூரைக் குறிக்கிறது. சென்னை வெசுலி பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற பின்னர், சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1895ஆம் ஆண்டில் சீதம்மாளை மணந்தார். இவர்களுடைய மகன்களுள் ஒருவரான சி. ஆர். பட்டாபிராமன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நடுவண் அமைச்சராகவும் இருந்தார்.

மயிலாப்பூரும் வழக்கறிஞர் தொழிலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் பலர் மயிலாப்பூரில் வாழ்ந்தனர். வி. பாசியம் ஐயங்கார், வி. கிருட்டிணசாமி ஐயர், பி. எசு. சிவசாமி ஐயர் முதலியோரைக் கொண்ட இவ்வட்டம் அரசியலில் மயிலாப்பூர்க் குழு என்று அழைக்கப்பட்டது. இதற்கு எதிரணியாக எழும்பூர்க் குழு இருந்தது. கிருட்டிணசாமி ஐயரிடம் தொழில் பயின்ற இராமசுவாமி ஐயர் விரைவிலேயே மயிலாப்பூர்க் குழுவின் இளம் உறுப்பினர்களுள் முன்னணிக்கு வந்தார். மயிலாப்பூரை அடுத்த ஆழ்வார்ப்பேட்டையில் எல்டாம்சு சாலையில் உள்ள 'தி குரோவ்' என்னும் தோட்ட வீடு இவருடைய இல்லமாக விளங்கியது.

இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது அடையாற்றுடன் தொடர்புடைய ஒரு வழக்கு. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசண்ட் அம்மையாரின் பாதுகாப்பில் வளர்ந்துவந்த சே. கிருட்டிணமூர்த்தியையும் அவர் தம்பியையும் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி, அவர்களின் தந்தை நாராயணையா வழக்குத் தொடுத்தார். தந்தையின் சார்பில் இராமசுவாமி ஐயர் வாதாடினார். அன்னி பெசண்ட் தமக்காகத் தாமே வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. எனினும் 1914ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது.

அரசியல்

நீதிமன்றத்தில் எதிரெதிர் நின்ற இருவரும் விரைவில் அரசியலில் ஓரணியில் சேர்ந்தனர். 1916ஆம் ஆண்டில் அன்னி பெசண்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தில் இராமசுவாமி ஐயர் முக்கியப் பொறுப்பேற்றார். 1917ஆம் ஆண்டில் அம்மையார் காவலில் வைக்கப்பட்டபோது இயக்கத்தை நடத்தியவர்களுள் இவரும் ஒருவர். அக்காலத்தில் இந்திய தேசிய காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை இவர் ஏற்கவில்லை. காங்கிரசிலிருந்து விலகி, 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தலைமை வழக்குரைஞர் பதவியை ஏற்றார்.

சட்ட உறுப்பினர் (1923-1928)

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டையாட்சி முறை நடைமுறையில் இருந்தது. சில துறைகள் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடமும், ஏனைய துறைகள் ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. 1923ஆம் ஆண்டில் அக்குழுவின் உறுப்பினரான இராமசுவாமி ஐயரிடம் சட்டம், காவல், நீர்ப்பாசனம், துறைமுகம், மின்சாரம் ஆகியவை ஒப்படைக்கப்பட்டன. நீரும் மின்சாரமும் ஒரே கையில் வந்தது அடுத்த ஐந்தாண்டுகளின் திட்டங்களுக்கு ஏந்தாயிற்று. கொச்சித் துறைமுக வளர்ச்சி தொடர்பாகச் சென்னை, திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டிலும் இவருக்குப் பங்கு உண்டு.

நிலக்கரி இல்லாத மாகாணம்

அக்காலத்தில் சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கியது மதராசு மின்வழங்கு கழகம் என்னும் தனியார் நிறுவனம். பேசின் பிரிட்சு பகுதியில் அமைந்திருந்த அதன் நீராவி மின்நிலையம் நிலக்கரியால் இயங்கியது. சென்னை மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. வங்காள, பீகார் சுரங்கங்களில் வெட்டிய கரி கடல் வழியாகவும் தொடர்வண்டி வழியாகவும் நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தது. எனவே கரியின் விலையில் போக்குவரத்துச் செலவு பெரும்பகுதியாக இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய சென்னைக்கே இந்நிலை என்றால், கடலிலிருந்து விலகிய கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்கு நீராவி மின்சாரம் இன்னும் செலவு மிக்கதாக இருந்தது.

மேற்கு மலைத்தொடரிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் பல இருந்தன. மலை உச்சியிலிருந்து விழும் நீருக்கு எரிபொருட் செலவு இல்லை. ஆனால் அணை, குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு முதலிலேயே பெருந்தொகை தேவை. அனல்மின் நிலையத்தில் முதலீடு குறைவு, அன்றாடச் செலவு மிகுதி. நீர்மின் நிலையத்தில் முதலீடு மிகுதி, அன்றாடச் செலவு குறைவு. போதிய தேவை உருவாகாவிட்டால் நீர்மின் முதலீடு முடங்கிவிடும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதே அரசின் முன்னிருந்த சிக்கல். இராமசுவாமி ஐயர் நீரின் பக்கம் நின்றார். மின்சாரம் வந்தால் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால் தேவை பெருகும் என்பது இத்தேர்வின் அடிப்படை.

பைக்காரா

1927ஆம் ஆண்டில் சென்னை அரசு மின்சாரத்துக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது. நீலகிரியின் பைக்காரா ஆற்றில் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டது. கிளன்மார்கன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 3,000 அடி கீழே உள்ள சிங்காரா மின்நிலையத்துக்குக் குழாய்கள் வழியாக நீர் இறக்கப்பட்டது. இவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது குறைந்த அளவு நீரே மிகுந்த ஆற்றலைத் தரும். இராமசுவாமி ஐயர் பதவியிலிருந்து விலகிய பின்னர், 1932ஆம் ஆண்டில் பைக்காரா நிலையம் இயங்கத் தொடங்கியது.

பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூரை அடைந்ததும் அப்பகுதியில் நூற்பாலைகள் விரைந்து பெருகின. கிணற்றுப் பாசனத்துக்கு மின் இறைப்பிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. தேவை பின்தொடர்ந்து வரும் என்ற எதிர்பார்ப்பு கொங்கு நாட்டில் மெய்யானது.

மேட்டூர் அணை

காவிரி நீர் தொடர்பாகச் சென்னைக்கும் மைசூருக்கும் நெடுங்காலமாக இருந்துவந்த பிணக்கு 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் உடன்பாட்டுக்கு வந்தது. இதன்படி மைசூர் கிருட்டிணராச சாகர் அணையை அமைத்துக்கொள்ளவும், சென்னை மேட்டூரில் அணை கட்டவும் வழி ஏற்பட்டது. நீர்ப்பாசனப் பொறுப்பிலிருந்த இராமசுவாமி ஐயர் இவ்வுடன்பாட்டிலும் அதன் பின்னான பணிகளிலும் ஈடுபட்டார். 1925ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டுமானம் 1934ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஆளுநர் இசுடான்லியின் பெயர் இடப்பட்ட இந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அணையின் மின்நிலையம் 1937ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

மேட்டூர் முதன்மையாகப் பாசன அணை. காவிரிப் படுகைக்கு நீர் திறந்துவிடும் காலங்களில்தான் அங்கு முழு அளவில் மின்சாரம் கிடைக்கும். வழக்கமாகச் சூன் 12 முதல் சனவரி 28 வரை நீர் திறக்கப்படும். பயிருக்கு நீர் வேண்டாத மாதங்களில் மின்சாரமும் சுருங்கும். பைக்காராவில் அத்தகைய பாசனக் கட்டுப்பாடு இல்லை. எனவே மேட்டூர் முழுமையாக இயங்கும்போது பைக்காராவின் நீரைச் சேமித்து, மேட்டூர் ஓய்ந்தபின் அதனைச் செலவிடுவது இயலும். 1944ஆம் ஆண்டில் பாபநாசம் நிலையமும் சேர்ந்தது.

நீரும் கரியும்: கலவையின் கணக்கு

பல நிலையங்கள் ஒரே மின்தொகுப்பில் இணைந்தபின், எதனை எப்போது எவ்வளவு இயக்குவது என்பது கணிதச் சிக்கலாகிறது. இவ்வகைச் சிக்கலுக்கான பொதுமுறை இராமசுவாமி ஐயர் சென்னை அரசில் இருந்த காலத்தில் உருவாகியிருக்கவில்லை. சோவியத் கணிதவியலாளர் இலியோனித் கண்டரோவிச் 1939ஆம் ஆண்டிலும், அமெரிக்கரான சார்ச் டாண்ட்சிக் 1947ஆம் ஆண்டிலும் தனித்தனியே இதற்கு வழி கண்டனர். இது நேரியல் திட்டமிடல் எனப்படுகிறது. 1950களில் பிரான்சின் அரசு மின் நிறுவனத்தில் பியர் மாசே முதலியோர் புதிய மின்நிலையங்களைத் தேர்வதற்கு இதனைப் பயன்படுத்தினர்.

இம்முறையில் ஒவ்வொரு நிலையமும் தரவேண்டிய மின்சாரம் ஒரு மாறியாகக் கொள்ளப்படும். மொத்தச் செலவைக் குறைப்பது குறிக்கோள். தேவை முழுதும் நிறைவேற வேண்டும், நிலையத்தின் திறன் மிஞ்சக்கூடாது, நீர்த்தேக்கத்தின் இருப்பு மிஞ்சக்கூடாது, பாசனத்துக்கான நீர் குறையக்கூடாது என்பவை கட்டுப்பாடுகள்.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களைக் கொள்ளலாம். ஒரு நகருக்கு மாலை 6 மணி நேரம் மணிக்கு 100 அலகும், எஞ்சிய 18 மணி நேரம் மணிக்கு 50 அலகும் தேவை. நாளொன்றுக்கு மொத்தம் 1,500 அலகு. புதிய நீராவி நிலையம் மணிக்கு 60 அலகு வரை, அலகுக்கு 1 ரூபாய் செலவில் தரும். பழைய நிலையம் மணிக்கு 20 அலகு வரை, அலகுக்கு 2 ரூபாய் செலவில் தரும். அணை நீரால் ஒரு நாளில் 300 அலகு பெறலாம்; அதற்கு எரிபொருட் செலவு இல்லை.

மாலையில் புதிய நிலையம் 360 அலகு தந்தபின் 240 அலகு குறையும். அதனை முழுதும் நீரால் ஈடுசெய்து, மிஞ்சிய 60 அலகு நீராற்றலைப் புதிய நிலையத்தின் கரிக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் நாளின் செலவு 1,200 ரூபாய். மழை பொய்த்து நீராற்றல் 200 அலகாகக் குறைந்தால், அனைத்தையும் மாலைக்கே ஒதுக்கி, பழைய நிலையத்திலிருந்து 40 அலகு பெறவேண்டும். செலவு 1,340 ரூபாய் ஆகும். அதே 200 அலகில் 80 அலகைப் பகலில் செலவிட்டுவிட்டால் பழைய நிலையம் மாலை முழுதும் இயங்க நேரிட்டுச் செலவு 1,420 ரூபாயாக உயரும்.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலப்படும். நீருக்கு விலை இல்லை என்றாலும் மதிப்பு உண்டு. நீர் மிகுதியாக இருக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் ஓரலகு நீராற்றலின் மதிப்பு 1 ரூபாய். வறட்சியில் அதுவே 2 ரூபாய். இவ்வாறு கட்டுப்பாட்டின் இறுக்கத்தால் தோன்றும் மதிப்பு நிழல் விலை எனப்படுகிறது. பைக்காராவின் நீரை எப்போது சேமிப்பது என்பதும் இதே வகைக் கேள்வியே.

திருவிதாங்கூர் திவான்

1931ஆம் ஆண்டு முதல் திருவிதாங்கூர் அரசின் சட்ட ஆலோசகராக இருந்த இராமசுவாமி ஐயர் 1936ஆம் ஆண்டு அக்டோபரில் திவானாகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசின் கோயில்கள் திறக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1944ஆம் ஆண்டில் சமத்தானத்தில் தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது.

மூணாறு அருகே முதிரப்புழை ஆற்றில் அமைக்கப்பட்ட பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மிகுந்த மின்சாரத்தை உட்கொள்ளும் அலுமினியத் தொழில் இதனைக் கொண்டு ஆலுவாவில் 1943ஆம் ஆண்டில் தொடங்கியது. உணவுப் பற்றாக்குறை நிலவிய போர்க்காலத்தில், உர உற்பத்திக்காக திருவிதாங்கூர் உர வேதிப்பொருள் நிறுவனம் 1943ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியின் சேசசாயி சகோதரர்கள் இதில் முன்னின்றனர். அம்மோனியா தயாரிப்பதற்கு வேண்டிய கரியோ எண்ணெயோ கேரளத்தில் இல்லை. ஆகவே தொடக்கத்தில் விறகிலிருந்து வளிமம் எடுத்து இத்தொழிற்சாலை இயக்கப்பட்டது. அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டு தொழில் நடத்தும் இம்முறை, நிலக்கரியை நாடாமல் பைக்காராவை நாடியதன் தொடர்ச்சியாகவே அமைந்தது.

விமர்சனங்கள்

திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கோரிய திருவிதாங்கூர் காங்கிரசின் போராட்டங்களை இராமசுவாமி ஐயரின் அரசு கடுமையாக ஒடுக்கியது. 1938ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் தேசிய குயிலோன் வங்கி வீழ்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1946ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த அரசியல் சீர்திருத்தத்தின்படி திவான் சட்டமன்றத்துக்குப் பொறுப்பாளியாக இருக்கமாட்டார். இது அமெரிக்க முறை என்று வழங்கப்பட்டது. பொதுவுடைமையினரும் தொழிலாளர்களும் இதனை எதிர்த்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியின் புன்னப்புரா, வயலார் ஆகிய இடங்களில் கயிற்றுத் தொழிலாளர்கள் உள்ளிட்டோரின் எழுச்சியை அரசுப் படைகள் துப்பாக்கியால் அடக்கின. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில், பிரித்தானியர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என அவர் அறிவித்தார். திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் உள்ளது. அணுவாற்றல் காலம் தொடங்கியிருந்த அவ்வேளையில் இக்கனிமத்தின் பெறுமதி சமத்தானத்தின் தன்னம்பிக்கைக்கு ஒரு காரணமாக இருந்தது என வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர். மக்களிடம் இவ்வறிவிப்புக்கு ஆதரவு இல்லை. சூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றின்போது இராமசுவாமி ஐயர் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். ஆகத்து 19 அன்று இராமசுவாமி ஐயர் பதவி விலகினார்.

பொருள் வளங்களைத் திட்டமிடுவதில் தொலைநோக்குடன் செயற்பட்ட இவர், மக்களின் இசைவைத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதவில்லை என்பதே இவர்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. கேரளத்தில் இவருடைய பெயர் தொழில் வளர்ச்சியுடனும் புன்னப்புரா-வயலாருடனும் ஒருங்கே நினைக்கப்படுகிறது.

இறுதிக்காலம்

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்தில் இந்து சமய அறநிலையங்கள் பற்றி ஆராய நடுவண் அரசு அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். நூல் எழுதுவதற்கான ஆய்வுக்காக இலண்டன் சென்றிருந்தபோது, 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

பின்விளைவுகளும் நினைவும்

மதராசு மின்வழங்கு கழகம் 1947ஆம் ஆண்டில் அரசுடைமையானது. 1957ஆம் ஆண்டில் மின்வாரியம் அமைக்கப்பட்டது. குந்தா நீர்மின் திட்டம் (1960), நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி (1962), எண்ணூர் (1970), தூத்துக்குடி (1979), கல்பாக்கம் அணுமின் நிலையம் (1984) ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னர் முப்பந்தல் முதலிய இடங்களில் காற்றாலைகளும் பெருகின. நீரா கரியா என்று 1920களில் எழுந்த கேள்வி, நீர், கரி, அணு, காற்று, கதிரவன் ஆகியவற்றை எந்த அளவில் கலப்பது என்பதாக விரிந்தது. தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி ஆய்வு உலை 1996ஆம் ஆண்டில் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது.

ஆழ்வார்ப்பேட்டையில் இவர் பெயரில் ஒரு சாலை உள்ளது. 'தி குரோவ்' வளாகத்தில் இவர் பெயரிலான அறக்கட்டளை, கலை மையம், சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆகியன இயங்கிவருகின்றன.